யாரும் மிதிக்காத கால்மிதி

மிச்சத் துணியில் வீட்டுச் சாமான் தைத்து விற்கும் தொழிலில் வெட்டுவது சுலபம், தைப்பது அதைவிடச் சுலபம். வாங்கிப் போனவர்களை அதை உபயோகிக்க வைப்பதற்குள்தான் உயிர் போய்விடும். கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு முழி பிதுங்கும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்குத்தான் புரியும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மீந்துபோன துணி மூட்டை மூட்டையாகப் பார்சல் லாரியில் வரும். அதைக் கால்மிதி, தலையணை உறை, திரைச்சீலை என்று மாற்றுவது என் வேலை. ஒத்தாசைக்குப் பக்கத்து வீட்டு செல்வி. எல்லாம் நடப்பது வீட்டின் முன்னறையில். அந்த அறையின் மேல் என் கணவரின் சிநேகிதர் ஒருவருக்குக் கண். அவருக்கு ஜெராக்ஸ் கடை வைக்க வேண்டுமாம்.

அறை போனால் என் பவர் தையல் மிஷினை வைக்க இடமில்லை. மிஷின் போனால் பழையபடி ஊரார் ஜாக்கெட்டுக்கெல்லாம் கொக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த வேலை எனக்கு அறவே பிடிக்காது. என் கணவர் நியாயஸ்தர். சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “ஒரு தடவ வாங்குனவங்க யாராச்சும் பொங்கலுக்குள்ள அதே சாமானுக்கு மறுபடி தேடிக்கிட்டு வரட்டும். ரூம் உனக்கு. வரலன்னா ஜெராக்ஸ்.”

ஃப்ரிட்ஜுக்கு அடித்த யோகம்

முதல் கால்மிதியை வாங்கியது எதிர் வீட்டு ராஜேஸ்வரி. டிசைனுக்காகப் பச்சையும் மஞ்சளுமாகப் பின்னி, நடுவில் ஒரு தாமரை வைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து, தேய்ந்திருக்கும், அடுத்ததைக் கேட்பார் என்ற நப்பாசையில், சர்க்கரை வாங்குகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். வாசலில் அரிசிச் சாக்கு கிடந்தது. அதில்தான் எல்லோரும் காலைத் துடைத்துக்கொண்டார்கள். என் தாமரை ஃப்ரிட்ஜின் தலையில் இருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி.

“இத ஏங்க மேல தூக்கி வெச்சிட்டீங்க?” என்றேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தார். “இவ்ளோ அழகா இருக்கு, இதுல கால வெக்க யாருக்குங்க மனசு வரும்?”

வெந்நீர் விவகாரம்

ஒரு மூட்டைக்குள் லேபிள் நாடா ஒரு ரோல் கிடைத்தது. வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் சட்டைகளில் வைக்கிற லேபிள் என்று பின்னால்தான் புரிந்தது. அப்போது எனக்கு அது பூவேலை மாதிரி தெரிந்தது. வீணாக்க மனமில்லாமல் ஐந்தாறு கால்மிதிகளுக்கு அதையே ஓரம் வைத்துத் தைத்துவிட்டேன். அதில் ஒன்று லப்பைக்குடிக்காட்டுக்குப் போனது, மைமூன் அக்காவுக்கு. மறுநாள் மத்தியானம் போன். “ஏம்மா, ஓரத்துல அரபி எழுத்து இருக்கே, பாத்துதான் தச்சியா?”

கால் வைக்கிற இடத்தில் என்ன வாசகத்தைத் தைத்து வைத்தேனோ என்று பயந்துபோனேன். மன்னிப்புக் கேட்டேன், திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன், பாதி அழுதேன். அக்காவுக்கும் அதைப் படிக்கத் தெரிந்ததே தவிர அர்த்தம் தெரியவில்லை. போட்டோ எடுத்து சவுதியில் வேலை பார்க்கும் கணவருக்கு அனுப்பியிருந்தார். அவரோ டியூட்டியில். சாயங்காலம்வரை நானும் செல்வியும் மிஷினைத் தொடவில்லை.

கடைசியில் போன் வந்தது. எடுத்ததும் ஒரே சிரிப்பு. “வெந்நீர்ல துவைக்காதீங்கன்னு போட்டிருக்காம்மா!” எனக்குப் போன உயிர் வந்தது. அப்படியானால் வாசலில் போட்டுக்கொள்ளலாமே என்றேன். “எதுவா இருந்தாலும் எழுத்து எழுத்துதாம்மா, மிதிக்க முடியுமா? கதவுல மாட்டிட்டேன். வெந்நீர்லயும் துவைக்க மாட்டேன்.”

அரியலூர் கலர்

கால்மிதியை நம்பினால் கதை ஆகாது என்று திரைச்சீலையில் இறங்கினேன். கரூரில் மீந்த படுக்கை விரிப்புத் துணி, பால் வெள்ளை. அரியலூரில் சிமெண்ட் ஆலை லாரிகள் போகிற ரோட்டோரம் ஒரு டீச்சர் வீடு. ஆறு ஜன்னலுக்கும் தைத்து நானே மாட்டிவிட்டு வந்தேன். வெள்ளை அங்கே ஒரு மாதம் தாங்காது, வேறு செட் கேட்டே தீருவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் கெட்ட புத்தியை ஒளிப்பானேன்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். நினைத்தது போலவே ஆறும் சாம்பல் நிறம். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “மாத்திடலாமா டீச்சர்?” என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: “இப்பதான் சோபாவுக்கு மேட்சா வந்திருக்கு. இனிமே தோய்க்கிறதாவே இல்ல.”

இஞ்சு டேப்

கார்த்திகை பிறந்ததும் ஜெராக்ஸ் சிநேகிதர் அறையைப் பார்க்க வந்தார். அளவு எடுக்க வேண்டுமென்று என்னிடமே இஞ்சு டேப் கேட்டார். கொடுத்தேன். ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். அதையும் பிடித்தேன். என் அறையை என் டேப்பால் நானே அளந்து கொடுத்த வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்வது? போகிற போக்கில், தைத்து அடுக்கியிருந்த கால்மிதிகளைப் பார்த்துக் கேட்டார்: “இதெல்லாம் எடுத்துட்டா பின்னாடி ஒரு பிளக் பாயிண்ட் இருக்குமாம்மா?”

ஒரு தையல் குறைவாக

நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து செல்விதான் யோசனை சொன்னாள். “நாம ரெட்டைத் தையல் போடுறதாலதாங்கா கிழிய மாட்டேங்குது. ஒத்தத் தையலா போடுவோம். ரெண்டே மாசத்துல பிரிஞ்சிடும், ஓடியாந்துடுவாங்க.” சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. ஒன்று தைத்தும் முடித்தோம்.

அதை மற்றவற்றோடு அடுக்கி வைத்தேன். ஆனாலும் கண் அங்கேயே போயிற்று. இதை எடுத்துப் போகிறவர் எந்தப் பாவமும் செய்யாதவராயிற்றே என்று மனசு அறுத்தது. உலை வைத்ததைக்கூட மறந்துவிட்டு அதை எடுத்துப் பிரித்து, மறுபடியும் ரெட்டைத் தையல் போட்டேன். செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “நீங்க பிரிச்ச நேரத்துக்குப் புதுசா ரெண்டு தச்சிருக்கலாங்கா. நல்லவங்களா இருக்கிறதுக்கு ரொம்ப நேரமாவுது.”

வாசலில் வண்டி

போகிக்கு முந்தின நாள் மினி லாரியில் ஜெராக்ஸ் மிஷின் வந்தேவிட்டது. சிநேகிதர் வண்டியிலிருந்து இறங்காமலே மிஷினை இறக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கணவர் வாசற்படியில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். நான் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணீர் மறைத்ததில் முடிச்சுக்கூடச் சரியாக விழவில்லை.

அப்போது ஒரு அம்மா வயர் கூடையோடு லாரியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பெயர் பொன்னம்மா, குன்னம் பக்கம். ஆடியில் ஒரு கால்மிதி வாங்கிப் போனவர். கூடையிலிருந்து எதையோ எடுத்து என் முன்னால் போட்டார். மண்ணும் வெங்காயச் சருகும் ஒட்டி, நடுவில் பெரிய ஓட்டை. ஓரத்து நீலத் தையலைப் பார்த்துத்தான் அது நான் தைத்தது என்று தெரிந்தது. கிழிந்த துணியைப் பார்த்து உலகத்திலேயே சந்தோஷப்பட்ட ஒரே தையல்காரி நானாகத்தான் இருப்பேன். “மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சிடுச்சாம்மா?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“மிதிக்கிறதா? இத யாராச்சும் மிதிப்பாங்களா?” என்றார் பொன்னம்மா. “காட்டுல வெங்காயத் தாள் அரியப் போறோம்ல, நாள் பூரா தரையில குந்தணும். இத அடியில போட்டுக்கிட்டா சூடு ஏறல, கல்லு குத்தல. எங்க செட்டுல பதினோரு பேரும் இதுக்குத்தான் சண்டை போட்டுக்கிறாளுவ. அதான் ஆளுக்கு ஒன்னு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

மூட்டையை அங்கேயே அவிழ்த்தேன். சிநேகிதர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, “புது கஸ்டமரா?” என்று கேட்டார். என் கணவர் கீழே கிடந்த ஓட்டைக் கால்மிதியை எடுத்து, மண்ணை உதறி, அவருக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். “பழைய கஸ்டமர்தான்டா. நீ வண்டியத் திருப்பு.”

ஆக, கால்மிதி தைத்துத்தான் பிழைக்கிறேன் என்று இப்போது நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன். அதில் கால் வைத்த ஒருவரை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.