நான் கங்காணி ஆன அன்று

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். இந்த எழுத்தெல்லாம் வயசான பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றது. எழுபதுகளின் கடைசியில் போடியில் பெரிய சோம்பேறிக்கு ஒரு பரிசு வைத்திருந்தால், அதை வீட்டுக்கே கொண்டுவந்து தரச் சொல்லியிருப்பேன்.

ஏலக்காய் மூட்டை ஏற்றும்போது ஒருமுறை முதுகு பிடித்துக்கொண்டது. வலி ஆறு மாதத்தில் போய்விட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நாலு வருஷம் என் மனைவிதான் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலையில் நாளெல்லாம் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குவாள். அவள் கூலியில்தான் நானும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டோம். நான் ஜீப்பு நிற்கிற இடத்து டீக்கடையில் கிடப்பேன்.

“மாப்ளே, இன்னைக்கு என்ன சோலி?” என்று கடைக்கார அண்ணன் ஆரம்பிப்பார்.

“ரெண்டு சோலிண்ணே. அவ போறப்ப பாத்துப் போன்னு சொல்லணும். வர்றப்ப பசிக்குதுன்னு சொல்லணும்.”

கடையே சிரிக்கும். எனக்கு ஓசி டீ வரும்.

அவள் பதினொன்றாவது பாஸ். மலையில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்து, ஜீப்பு வருவதற்குள் குழந்தை போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். அன்றிலிருந்து நர்சுக்குப் படிக்க வேண்டும் என்று ஒரே நினைப்பு. உழைத்து வீட்டைத் தாங்குகிற பெண்களைப் படிக்கவைக்க மதுரையில் ஒரு பெண்கள் சங்கம் உதவித்தொகை கொடுத்தது. ஒன்றரை வருஷப் படிப்பு. அதுவரை வீட்டுச் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் பணம். எங்கிருந்தோ மனுத்தாள் வாங்கிவந்து பூர்த்தி செய்து, என் பெருவிரலில் மையைத் தடவினாள்.

“என்ன எழுதியிருக்க?”

“நான் படிக்கப் போறதுக்கு உனக்குச் சம்மதம்னு எழுதியிருக்கேன் மாமா. வெரசா வையி, மை காயுது.”

வைத்தேன். அதில் இன்னொரு வரியும் இருந்ததை அவள் வாசிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, சங்கத்து அம்மா ஒருவர் மதுரை ரயிலில் வந்து இறங்கி, குடையும் காகிதக் கட்டுமாக டீக்கடைக்கே வந்துவிட்டார். வீடு பூட்டியிருந்ததாம். என்னை அடையாளம் கேட்டுக்கொண்டு, மனுவை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார்.

“‘கணவருக்கு வேலை இல்லை. என் கூலியில்தான் குடும்பம் நடக்கிறது.’ இது சரிதானுங்களா?”

நானே தினம் சொல்லிச் சிரிக்கவைத்த சங்கதிதான். ஆனால் கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“தப்பா எழுதிட்டாங்கம்மா. நான் எஸ்டேட்டுல ஆளுகள மேய்க்கிற கங்காணி. அவ சும்மா வீட்டுல இருக்கப் பிடிக்காமத்தான் மலைக்குப் போறா.”

அந்த அம்மா கடைக்காரரைப் பார்த்தார். “அப்படியா?”

அண்ணன் டீயை இன்னொரு தடவை ஆற்றினார். பிறகு, “ஆமாங்கம்மா, கங்காணிதான்” என்றார். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தார் பாவம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த அம்மா பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள், “யாரோ வந்தாங்களாமே?”

“ஆமா, விசாரிச்சாங்க. போயிட்டாங்க.”

பத்து நாளில் கடிதம் வந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். இந்தமுறை ஒரு வரியும் விடவில்லை. கணவருக்கு நல்ல வருமானம் இருப்பதாகத் தெரிவதால் உதவித்தொகை தருவதற்கில்லை. மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். திட்டியிருந்தால் அதற்கொரு பதில் வைத்திருந்தேன்.

மறுநாள் முதல் ரயிலில் மதுரைக்குப் போனேன். சங்கத்து அம்மா முன்னால் கைகட்டி நின்றேன்.

“அம்மா, நான் கங்காணி இல்லம்மா. தண்டச்சோறு திங்கிறவன். சோம்பேறின்னு பெருசா எழுதிக்கங்க, கைநாட்டு வைக்கிறேன்.”

“அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

மைக்காகப் பெருவிரலை நீட்டினேன்.

“அந்த இடத்தை ஒரு விதவைக்குக் குடுத்தாச்சு. அவங்கள எழுப்பிவிடச் சொல்றீங்களா?”

“அடுத்த வருசம், அம்மா?”

அவர் மனுவைத் தேடி எடுத்து வயசைப் பார்த்தார். “முப்பதுக்குள்ள இருக்கணும். இவங்களுக்கு இதுதான் கடைசி வருசம்.”

ராத்திரி வந்து அத்தனையும் அவளிடம் சொன்னேன். கங்காணி என்று சொன்னதையும், கடைக்கார அண்ணன் ஆமாம் போட்டதையும், முப்பது வயசையும். கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டாள்.

“சாப்ட்டியா?” என்றாள். தட்டை வைத்தாள்.

விடியுமுன் அவளோடு நானும் ஜீப்பில் ஏறினேன். “கங்காணி வர்றாரு, வழிவிடுங்க” என்று பெண்கள் கேலி பண்ணினார்கள். அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. மலையில் அவளுக்குப் பக்கத்துச் செடியில் குனிந்தேன். அட்டை கடித்தது, முதுகு விண்ணென்றது. இந்தமுறை நிஜ வலி. அவளுக்கு முன்னால் கூடையை நிரப்பிக் காட்டிவிட வேண்டும் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பறித்தேன்.

அவள் எட்டி என் கூடையைப் பார்த்தாள்.

“விளையாத காயப் பறிக்காத மாமா.”

அன்று பொழுது சாயும்வரை என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.