அஞ்சாவது பேட்டரி, ரெண்டாவது செல்

இந்தப் பேப்பரில் வருகிற என் பத்தியை டைப் அடிக்கிற தங்கச்சி, என் கையெழுத்தோடு வாராவாரம் படுகிற பாடு எனக்குத் தெரியும். எழுத்துப் பிழைக்கும் சேர்த்து மன்னிப்பு. படித்தது ஐந்தாம் வகுப்பு. மந்தைவெளியில் பேட்டரிக் கடை. இந்த வாரம் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும்... அடித்து அடித்துத் திருத்தி எழுதியது.

அபிராமபுரத்தில் வரதன் சார் என்று ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர். பழைய காரிலிருந்து பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்தார். பின் சீட்டுக்கு அடியில் எட்டு பேட்டரி — அது என் பொறுப்பு. முன்னால் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லும். இரண்டு வருஷ உழைப்பு.

உங்களுக்கு என் கட்சி தெரியும். மூடி திறக்கிற பேட்டரிதான் பேட்டரி! இப்போது சீல் வைத்து வருகிறதே, அதற்குள் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிற ப்ராசஸரும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு புது சிப். போன வருஷத்தது குப்பை. ஆனால் சார் அந்தப் பெட்டியில் போட்டு, வண்டிக்காகத் தானே மாற்றி எழுதியிருந்த ப்ரோகிராம் என் கட்சி. இலவசம். யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், தப்பு தெரிந்தால் சொல்லலாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வண்டியைப் பார்க்க வந்தார். பாலவாக்கம் வரை போய்த் திரும்பினால் சாருடைய டிசைனை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

காலையில் ஒவ்வொரு செல்லின் மூடியாகத் திறந்து, மிதவை வைத்த கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன். அஞ்சாவது பேட்டரி, ரெண்டாவது செல்... மிதவை எழவே இல்லை. செல் வீக்!

சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். இரண்டு பேரும் இங்கிலீஷில் ப்ராசஸர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மாணிக்கம், கிளம்பலாமா?” என்றார் சார்.

தலையாட்டினேன்.

“ஓசி ப்ரோகிராமை நம்பி வண்டியா சார்? பிரேக்காவது காசு குடுத்து வாங்கினதா?” என்று கம்பெனிக்காரர் சிரித்தார்.

பாலவாக்கம் வரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே இல்லை. திரும்பும்போது திருவான்மியூரில் என் சீட்டுக்கு அடியில் சூடு. லேசாக ஆசிட் வாடை. பெட்டியோ ‘பாதி மிச்சம்’ என்கிறது. எட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற பெட்டிக்கு ஒரு செல்லின் நோவு எப்படித் தெரியும்? இப்போதாவது நிறுத்தச் சொல்... சொல்லுடா... கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தேன்.

அடையாறு பாலத்து ஏற்றம். வண்டி மெதுவானது. இன்னும் மெதுவானது. நின்றது.

பின்னால் வரிசையாக ஹாரன். பஸ் டிரைவர் தலையை நீட்டினார்: “இன்னா நைனா, பொம்மைக் காரா? சாவி குடுக்க மறந்துட்டியா?”

கம்பெனிக்காரர் இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டினார். “நான் அப்பவே சொன்னேனே சார். ஓசி ப்ரோகிராம்னா இப்படித்தான்.” போய்விட்டார்.

வண்டியை ஓரம் தள்ளினோம். சார் வேர்க்க வேர்க்க அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “எங்கேயோ தப்பா எழுதிட்டேன் மாணிக்கம். ஆத்துக்குப் போனதும் மொத்தத்தையும் பிரிச்சுப் பாக்கணும்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“சார்... ப்ரோகிராம் இல்ல சார். ஒரு செல்லு வீக். காலைலயே பார்த்தேன்.”

“காலம்பறயேவா? ஏன்ப்பா சொல்லலை?”

“நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க... பேசிட்டு இருந்தீங்க...”

திட்டியிருந்தால் தேவலை. சார் திட்டவில்லை. “மூடியைத் திறந்து பாக்கறதுக்குத்தானேப்பா உன்னை வெச்சிண்டிருக்கேன்” என்றார், மெதுவாக.

மூன்று வாரமாக அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. சீல் வைத்த பேட்டரியை இந்தப் பத்தியில் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்! திறந்து பார்த்தவன் வாயை மூடிக்கொண்டால், மூடி திறந்தால் என்ன, சீல் வைத்திருந்தால் என்ன? அன்றைக்கு அந்த வண்டியில் சீல் வைத்த பேட்டரி நான்தான்.

செல்லை மாற்றிவிட்டேன். நேற்று சாரும் நானும் மட்டும் பாலவாக்கம் போய், பாலம் ஏறி, வீடு வந்தோம். கம்பெனிக்காரரோ சார் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஆனால் இந்தப் பேப்பர் அடையாறில் அவர் வாசலிலும் விழும்.

ஐயா, ப்ரோகிராமில் தப்பில்லை. அஞ்சாவது பேட்டரி, ரெண்டாவது செல். பார்த்தும் சொல்லாதவன் நான். இன்னொரு தடவை வந்து ஏறிப் பாருங்கள்.

எழுதியது: 14 மார்ச் 1999, ஞாயிறு.