அக்காவின் மடியில் கரண்டு

ஃபியூஸ் கட்டைகளை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு, மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் மின்பெட்டிக்கு முதுகைக் கொடுத்து என் அக்கா உட்கார்ந்திருந்த கோலம் இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வெள்ளைப் பீங்கான் கட்டைகள். பெட்டிக்குள் செருகினால் அந்தச் சந்துக்குக் கரண்டு வரும், பிடுங்கினால் போகும். மின்கம்பியை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் மேல் நான் இருந்தேன். என் உயிர் அவள் மடியில் இருந்தது என்று சொன்னால் அது மிகையே இல்லை.

அதற்கு முன்பு நாங்கள் இருவரும் அடையாறில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்தோம். நான் புல் வெட்டுவேன், வேலிச் செடிகளைக் கத்தரிப்பேன். அக்கா சருகு கூட்டுவாள், தண்ணீர் விடுவாள். ஒரு புயலில் அங்கிருந்த மரங்கள் சாய்ந்தபோது அவற்றை அகற்ற வந்த காண்டிராக்டர், நான் ஏறுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தன்னோடு கூப்பிட்டுக்கொண்டார். கயிறு, இடுப்புப் பட்டை, மெஷின் ரம்பம் என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். கிளையை எங்கே அறுத்தால் மரத்தின் காயம் ஆறும், எங்கே அறுத்தால் அழுகும் என்பது பிடிபட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "மரம் வெட்டுறவன்னு சொல்லாதக்கா, மரத்துக்கு வைத்தியன்னு சொல்லு" என்றேன். "எந்த வைத்தியன்டா நோயாளி தலை மேல ஏறிக் குந்திகினு வைத்தியம் பாக்குறான்?" என்று கேட்டாள்.

கேலி செய்தாளே தவிர, அவளுக்கு உள்ளூர உதறல்தான். உயரத்தைவிடக் கரண்டுக்கே அதிகம் பயந்தாள். லைன்மேன் கட்டைகளைப் பிடுங்கி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மிக்சி ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை என்று யாராவது ஒருவர் வந்து மின்பெட்டியை எட்டிப் பார்ப்பார். பார்ப்பதோடு நிற்காமல் கட்டையைச் செருகிவிடும் கைகளும் இந்த ஊரில் உண்டு. அதனால், கம்பியை ஒட்டிய மரம் என்றால் தோட்ட வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளே வந்துவிடுவாள். லைன்மேன் கையிலிருந்து கட்டைகளை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். என் கால் தரையில் பட்டால்தான் எழுந்திருப்பாள். கெஞ்சியவர்களும் உண்டு, ஏசியவர்களும் உண்டு, அவள் அசைந்ததில்லை.

அந்த மயிலாப்பூர்ச் சந்தில் அன்று காலைதான் தூறல் விட்டிருந்தது. கரண்டு நிற்கும் என்று முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தோம். நான் பாதிக்கு மேல் அறுத்திருந்த பெரிய கிளை, நினைத்த பக்கம் சாயாமல் முறுக்கிக்கொண்டு கம்பி மேலேயே படுத்துவிட்டது. என் இடுப்புக் கயிறும் அதன் அடியில் சிக்கிக்கொண்டது. ஈரக் கிளை, ஈரக் கயிறு, நடுவில் நான். துண்டு துண்டாக அறுத்து இறக்கினால்தான் கீழே வர முடியும். துண்டுகளை இறக்கும் கயிற்றைக் கீழே பிடித்திருந்த வேலையாட்கள் இருவரும் கையை எடுக்க முடியாத நிலை.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து ஒருவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அன்று விடிகாலையில்தான் தன் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்திருக்கிறார். பிராண வாயு தரும் மெஷினோடு வந்த அம்மா. "அம்மாவுக்கு மூச்சு திணறறதும்மா. மெஷின் நின்னுடுத்து. அந்தக் கட்டையக் குடுங்கோ, சித்த நேரம் போறும்" என்றார்.

அக்கா என்னை அண்ணாந்து பார்த்தாள். "என் தம்பி மேல கீறான் சார். அவன் எறங்கட்டும்."

"அதுக்குள்ள அம்மா போயிடுவா."

"பக்கத்துத் தெருவுல கரண்ட் கீது. நாலு பேரா தூக்கினு போலாம் சார்."

"படி எறக்கற நிலைமையா அது?"

அவர் கும்பிட்டார். பிறகு கத்தினார். பிறகு அழுதார். சந்தே கூடிவிட்டது. "மனுஷியா நீ?" என்று ஒரு பெண் கேட்டது மேலே எனக்குக் கேட்டது. சத்தத்துக்குத் திரும்பி வந்த லைன்மேன் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, அக்காவிடம் எதுவும் கேட்காமல் பக்கத்தில் நின்றார். நான் அறுத்துக்கொண்டே இருந்தேன். அவசரத்தில் கை தவறினால் ரம்பம் என் கயிற்றையே அறுத்துவிடும். குடு என்றும் சொல்ல முடியவில்லை, குடுக்காதே என்றும் சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டின் ஜன்னல் பக்கம் நான் திரும்பவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பிழைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

நான் தரைக்கு வந்ததும் அக்கா கட்டைகளை லைன்மேன் கையில் திணித்துவிட்டு அந்த வீட்டுக்குள் ஓடினாள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் அவர் மகனே வந்து, வார்த்தை தடித்துவிட்டது என்று அக்காவிடம் வருத்தம் தெரிவித்தார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மரத்துக்கும் வரவில்லை. இன்று தனி ஆளாகக் காண்டிராக்ட் எடுக்கிறேன். தி. நகர், பெசன்ட் நகர் என்று எங்கே போனாலும் ஃபியூஸ் கட்டைகள் என் இடுப்புப் பையில் என்னோடு மேலே ஏறிவிடும். கீழே யாரிடமும் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. அக்கா இன்னும் அடையாறில்தான் சருகு கூட்டுகிறாள். ஊரார் ஏசியது மனதில் தைத்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வாரம் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, என்னோடு வந்து வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டேன். ஊர் ஆயிரம் பேசும், அதையெல்லாமா மனதில் வைத்துக்கொள்வாய் என்றும் கேட்டேன்.

குழம்பு ஊற்றிய கரண்டியைக் கீழே வைத்தாள். "அவங்க பேசுனது இன்னா, அது அப்பவே போச்சு" என்றாள். "அந்தம்மா செத்தே போயிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டேன்டா. அங்க குந்திகினு இருக்கசொல்லோ அது எனக்கே தெரிஞ்சிபோச்சு. இன்னொருவாட்டி தெரிஞ்சிக்க வேணாம்."