கியர்பொக்ஸ் சூடு பார்க்கும் முள்

எங்கள் லொறி ஓட்டோ கியர், தானாகவே கியர் மாறுவது. சமதரையில் நன்றாக ஓடும், மலைக்கு ஆகாது என்று ஊரில் நெல் ஏற்றுபவர்கள் சொல்வார்கள். என் கணவர் அதில்தான் அரிசி ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போய்வருகிறார். ஒருமுறை பசறைப் பக்கத்து ஏற்றத்தில் கியர்பொக்ஸ் சூடேறி, கருகிய மணம் வந்து, இழுவை விட்டுப்போனது. முழுப் பாரத்தோடு பின்னால் நழுவிய லொறியை அவர் பிரேக்கில் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்த பஸ்ஸின் கொண்டக்டர் இறங்கி ஓடிவந்து சில்லுக்குக் கல் வைத்தாராம். சோறு தின்றபடி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் அவர் மடியில் இருந்தாள்.

கியர்பொக்ஸ் ஒயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறதென்று போனில் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். அவர் மறுக்காமல், கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தார். பெட்டி வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேறு பயம் பிடித்தது. ஒயில் வடிக்கும் நட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் சென்சரைப் பூட்ட வேண்டும். அது கசிந்தால்? ஒழுங்காக ஓடிய லொறியை நானே கெடுத்ததாகிவிடாதா?

வெள்ளிக்கிழமை கராஜ்கள் பூட்டு. ஜும்மா முடிந்து வந்து சாரத்தை மாற்றி, வளவுக்குள் சாக்கை விரித்து அவரே லொறிக்குக் கீழே படுத்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து பெட்டியிலிருந்த இங்கிலீஸ் தாளை வாசித்துச் சொன்னேன்.

"எவ்வளவு இறுக்கிற எண்டு போட்டிரிக்கி?"

"அளவா இறுக்கட்டாம்."

"அளவா எண்டா?"

"அதத்தான் நானும் யோசிக்கன். கசியாதா?"

"கசியாது புள்ள."

"கொஞ்சமும்?"

அவர் சென்சருக்குக் கையை நீட்டினார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மாவின் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள்தான். என்றாலும் உம்மா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. சொல்ல வேண்டியதை என் மகளிடம், அவருக்குக் கேட்கும்படி சொல்வார். பேத்தியை மகள் என்றும் தன்னை உம்மும்மா என்றும்தான் சொல்வார். அன்றும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார்.

"மகள், பைப்புக்குச் சுத்துற வெள்ள டேப் உம்மும்மாட்ட இரிக்கி எண்டு வாப்பாட்ட சொல்லுங்க. நல்லாத் தடிப்பாச் சுத்தினா ஒரு சொட்டும் வராதாம் எண்டு சொல்லுங்க."

எங்கள் வீடுகளில் எந்தக் குழாய் கசிந்தாலும் முதலில் தேடுவது அந்த டேப்பைத்தான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. மகள் அதை எடுத்துக்கொண்டு போய் லொறிக்குக் கீழே நீட்டினாள்.

"வாப்பா, சுத்தட்டாம்."

அவர் அதை வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு, "சரியாம் எண்டு சொல்லுங்க" என்றார்.

சென்சரின் திருகுப் புரியெல்லாம் வெள்ளையாகச் சுற்றிப் பூட்டினார். வயரை மேலே கொண்டுபோய் மீட்டரோடு கொழுவினார். ஒயிலை ஊற்றி, பக்கத்திலுள்ள சவளக்கடை வரை ஓடிவிட்டு வந்தார். ஒரு சொட்டுக் கசிவில்லை. மீட்டரின் முள்ளும் அடியை விட்டு அசையவில்லை.

"பாத்தியா, சூடே இல்ல. சும்மா பயந்த நீ."

நான் குனிந்து லொறிக்குக் கீழே பார்த்தேன். கியர்பொக்ஸிலிருந்து அனல் முகத்தில் அடித்தது.

"இந்த முள்ளு பொய் சொல்லுது."

"நீ புள்ளைக்கு வெக்கிற தெர்மாமீட்டரையே நம்பாத ஆள்."

அது உண்மைதான். நெற்றியில் கை வைத்து, தெர்மாமீட்டர் வைத்து, அதன்பிறகும் கை வைத்துப் பார்ப்பேன். என் சந்தேகம் பத்துக்கு ஒன்பது வீண் என்று எனக்கே தெரியும். அன்று விட மனம் வரவில்லை. நாளை மறுநாள் அவர் அந்த ஏற்றத்தில் இந்த முள்ளை நம்பியல்லவா ஏறப்போகிறார்.

"வந்து கைய வெச்சிப் பாருங்க."

வைத்தார். உடனே இழுத்துக்கொண்டார்.

என்னை லொறியில் ஏறி மீட்டருக்கு முன்னால் இருக்கச் சொன்னார். பிறகு ஒரு வயர்த் துண்டை எடுத்து, ஒரு நுனியைச் சென்சரின் உடலிலும் மறு நுனியை லொறியின் இரும்பிலும் வைத்துப் பிடித்தார். "முள்ளப் பாரு. இப்ப?"

"ஏறுது. நல்லா ஏறுது."

சென்சருக்கு ஒரே வயர்தான். கரண்ட் திரும்பிப் போகும் வழி, புரி இரும்பில் தொடும் இடம். அந்த வழியைத்தான் டேப் மூடியிருந்தது.

"சுத்தக்குள்ள உங்களுக்குத் தெரியாதா?"

"ஒள்ளுப்பம் சந்தேகம் இரிந்த."

"பிறகு ஏன் சுத்தின?"

அவர் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துக் குரலைத் தணித்தார். "மாமி குடுத்து விட்டத்த வேணாம் எண்டு சொல்லச் சொல்லுறியா?"

சூடு ஆறியதும் மறுபடி ஒயிலை வடித்து, டேப்பைச் சுரண்டி எடுத்து, அதற்குப் பதிலாகக் கரண்டை மறிக்காத செம்பு வாசர் போட்டு இறுக்கினார். உம்மா எட்டிப் பார்த்தார்.

"மகள், டேப் பத்தல்லயா எண்டு வாப்பாட்ட கேளுங்க."

"பத்தின எண்டு சொல்லுங்க மகள். கூடினதத்தான் எடுக்கன்."

ஞாயிற்றுக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு அரிசியோடு புறப்பட்டார். ஓட்டும்போது அவருக்குக் கோல் எடுக்கக் கூடாதென்று நான் போனைத் தொடவில்லை. மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவரே கோல் எடுத்தார். இஞ்சின் மெல்ல ஓடும் சத்தம் கேட்டது.

"எங்க நிக்கிறீங்க?"

"ஏத்தத்திலதான். முள்ளு சிவப்புக்குக் கிட்டப் போச்சி. ஓரமா நிப்பாட்டிட்டன்."

நிறுத்தியிருக்கிறார். வழமையில் நிறுத்துகிற ஆள் இல்லை.

"பதுளைக் கட மொதலாளி ரெண்டு தரம் கோல் எடுத்திட்டார். லொறிக்குக் காய்ச்சல், ஆறினாத்தான் வருவன் எண்டு சொல்லிட்டன்."

"கோவிச்சாரா?"

"கோவிச்சார்." ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவரைக் கடந்து போனது. "நீ கேக்க முந்திச் சொல்லுறன், கீழ பாத்த. கசிவு இல்ல."

"நான் கேக்கல்லயே."

"முள்ளு இறங்குது. இப்பதான் சோத்துப் பொதிய அவிழ்க்கன்."

போனை வைக்கும்படி அவர் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடித்து, முள் நன்றாக இறங்கிவிட்டது, இனி வெளிக்கிடுகிறேன் என்று சொல்லும் வரை அதைக் காதில் வைத்துக்கொண்டே மகளுக்கு மிச்சச் சோற்றை ஊட்டினேன்.