வீடில்லாத இடம் கேட்டவர்

கணினித் திரையில் நான்கே புள்ளிகள் மிஞ்சியிருந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா, தன் வேலையை நிறுத்திவிட்டு என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேனியில் வரைபடத் தகவல் தேடிக்கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் அப்போது நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அக்கா கம்பத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மெயின் ரோட்டை ஒட்டிய திராட்சைத் தோட்டம், பள்ளிக்கூடத்துக்கு அருகில் காலி மனை என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். சொல்லையும் தூரத்தையும் கொடுத்தால் கணினி இடங்களைச் சலித்துத் தரும்.

அன்று வந்த கேள்வி வேறு மாதிரி. கைவிட்ட கல்குவாரி வேண்டும். லாரி போகப் பாதை வேண்டும். சுற்றிலும் வீடே இருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷன் தள்ளியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் பொருந்தியவைதான் திரையில் மிஞ்சிய அந்த நான்கு புள்ளிகள்.

"வீடு கூடாதுன்னா, ஏதோ வெடி குடோன் போடுறாக போலன்னு நெனைக்கலாம். போலீஸ் ஸ்டேஷன் தள்ளியிருக்கணும்னு எந்த நல்லவன் கேப்பான்?" என்றார் அக்கா.

சினிமா ஷூட்டிங்குக்காம் என்று முதலாளி சொன்னார். அக்கா அந்த வாடிக்கையாளருக்கே போன் போட்டார். "அண்ணே, ஷூட்டிங்னா ஆளுக தங்க, சாப்பிட எடம் வேணும்ல? பக்கத்துல ஊரு இருக்குற மாதிரித் தேடவா?"

"கேட்டத மட்டும் குடும்மா" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த நான்கு இடங்களின் பட்டியலை அக்கா அவருக்கு அனுப்ப விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஸ்கூட்டியில், அந்த நான்கில் ஒன்றான மயிலாடும்பாறைப் பக்கத்துக் குவாரிக்குப் போனோம். குழி விளிம்புவரை பிளாஸ்டிக் மூட்டைகள். கிழிந்தவற்றிலிருந்து ஊசிகளும் ரத்தம் காய்ந்த பஞ்சும் வெளியே கிடந்தன. மருந்துப் பெட்டிகளில் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் யாரோ பார்த்துப் பார்த்துக் கிழித்திருந்தார்கள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தபடி வந்தார். "நீங்களும் லாரிக்காரவுகளா? மண்ணு கொட்டுறோம்னு சொன்னாக. இங்கன தேங்குன தண்ணியக் குடிச்சு எங்க ஆடு செத்துப்போச்சு ஆத்தா."

"இந்தக் குழி நெறஞ்சுபோச்சு. அதான் அடுத்த குழியத் தேடுறாக" என்றார் அக்கா, என்னிடம் மெதுவாக.

அக்கா படம் எடுத்துப் புகார் கொடுத்தார். மற்ற மூன்று குவாரிகளுக்குப் பக்கத்து ஊர்களுக்கும் தகவல் சொன்னார். அங்கெல்லாம் லாரி வர முடியாதபடி ஊர்க்காரர்களே பாதையில் பள்ளம் வெட்டிப் போட்டார்கள். வாடிக்கையாளரின் போன் நம்பர் அதற்குள் உபயோகத்தில் இல்லாமல் போயிருந்தது. "வந்த வேலையக் கெடுத்துட்டியே" என்று முதலாளி கத்தியதில் அக்கா வேலையை விட்டார். விஷயம் முதலாளிக்கு முன்பே தெரியுமா என்ற சந்தேகம் எனக்குப் போகவே இல்லை. கொஞ்ச நாளில் நானும் விலகிவிட்டேன்.

போன வாரம் ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். இப்போது அங்கே ஒரு துணிக்கடையில் இருக்கிறார். பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, பஸ் ஏறும்போது திரும்பினார்.

"இப்பல்லாம் அந்த மாதிரி எடத்தப் போன்லயே தேடிக்கிறாகளாம்ல? எதுக்குன்னு அது கேக்குமா?"

கேட்காது என்றேன். அக்கா உள்ளே போய் உட்கார்ந்தார்.