எல்லை வரப்பில் இட்ட முட்டைகள்

1953 ஐப்பசியில் நெடுங்காட்டு இளைஞர் மன்றத்தார் என்னைப் பேச அழைத்தனர். வெட்டுக்கிளி பயிரைத் தின்றுகொண்டிருக்க, ஊர்ப் பெரியவர்கள் அதைத் தெய்வக் குற்றம் என்று சொல்லிப் பூசைக்கு நெல் தண்டுகிறார்கள். வந்து உடைத்துப் பேசுங்கள் என்று எழுதியிருந்தனர். எரியும் நெஞ்சோடு புறப்பட்டேன்.

மாயூரத்தில் காலை ஏழு மணிக்குப் புகைவண்டி. பேரளத்தில் மாற வேண்டும். நெடுங்காடு பிரெஞ்சு ஆட்சியிலுள்ள காரைக்கால் பகுதியைச் சேர்ந்தது. அதன் எல்லையில் சுங்கக் காவலர் பெட்டிகளைக் குடைய முக்கால் மணி நேரம் போயிற்று. அருகிலிருந்த காரைக்கால் துணி வணிகர், வெட்டுக்கிளியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டார்.

"அதைப் போயி திட்டப் போறீங்களா? எங்களுக்கு அது ஹலாலுங்க. அறுக்கக்கூட வேணாம். அரபு நாட்டுல வறுத்துத் திங்கிறாங்க."

"நீங்கள் தின்றதுண்டா?"

"அல்லா காப்பாத்தணும்! காரைக்கால்ல மீனுக்கா பஞ்சம்?"

பின்பு, பிர்அவுன் என்னும் எகிப்து மன்னன் மீது இறைவன் வெட்டுக்கிளியை ஏவிய வரலாற்றை அவர் சொன்னார். கிறித்தவ மறையிலும் அது உண்டு. செருக்குற்றவன் மன்னன். ஆனால் கிளி தின்றது யார் வயலை? அரண்மனையில் அன்று ஒரு வேளை உணவும் குறைந்திராது. மறைநூல் படிப்போர் இதை ஏன் கேட்பதில்லை என்ற கசப்போடு திருநள்ளாற்றில் இறங்கினேன். அங்கிருந்து நெடுங்காடு நான்கு கல். குதிரைவண்டிக்குப் பன்னிரண்டு அணா.

மன்றத்தார் என்னைக் கலியபெருமாளின் வயலுக்கு அழைத்துச் சென்றனர். அவருடைய சம்பாப் பயிரில் இலைகளின் நடு நரம்புகள் மட்டுமே நின்றன. எகிப்துக்குக் காற்றேறி வந்தது பாலைநிலக் கூட்டம். இது வேறு இனம். வயல் வரப்பில் முட்டையிட்டு, அங்கேயே பிறந்து, அருகிலேயே தின்பது. கோடையில் வரப்பைச் சீவினால் முட்டைகள் வெயிலில் காய்ந்து அழியும். இதை நான் விளக்கத் தொடங்கியதும் கலியபெருமாள் மண்வெட்டியை நீட்டினார்.

"மூணு பக்கம் சித்திரையிலயே சீவியாச்சுங்க. நாலாவது பக்கத்தை நீங்க சீவுங்க, பாப்போம்."

நாலாவது வரப்புக்கு இப்பால் பிரெஞ்சு ஆட்சி, அப்பால் இந்தியா. அந்த வரப்பே எல்லை. அதில் அப்பொழுதும் கிளிகள் வால்நுனியை மண்ணுள் நுழைத்து முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டின் அழிவு என் கண்ணெதிரே விதைக்கப்பட்டது.

வேட்டியை மடித்துக் கட்டி மூன்று வெட்டு வெட்டினேன். பெயர்ந்த மண்கட்டியில் நெல்மணிகளை அடுக்கியதுபோல் மஞ்சள் முட்டைகள். அதற்குள் இருபுறமிருந்தும் காவலர் ஓடி வந்தனர். இருவரும் தமிழர்.

"எல்லையைத் தொடக் கூடாதுங்க. துரைக்குத் தெரிஞ்சா எஞ்சோத்துல மண்ணு" என்றார் பிரெஞ்சுச் சிப்பாய்.

நான் முழங்கினேன். உழவன் சோற்றில் விழும் மண் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்றேன். இந்தியக் காவலர் முகம் மலர்ந்தது.

"ஐயாவா! மாயூரத்துல உங்க பேச்சைக் கேட்டு அழுதவனுங்க நான். ஐயா தமிழுக்காக எத்தனை கல்லும் நடப்பேன். மம்முட்டியை மட்டும் கீழ வச்சிருங்க."

எதிலும் ஒத்துப் போகாத இரண்டு அரசுகளின் ஊழியர்கள் அன்று ஒன்றுபட்டனர். நான் பெயர்த்த மண்கட்டிகளை முட்டையோடு வரப்பில் திரும்ப வைத்து, ஆளுக்கொரு பக்கம் காலால் மிதித்துச் சரி செய்தனர்.

கலியபெருமாள் என்னைப் பார்க்கவில்லை. "அரிவாளை எடுத்துட்டு வா" என்றார் மனைவியிடம். "மிச்சத்தை மாடாவது திங்கட்டும்."

மாலையில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. அவர் வரவில்லை.

நெடுங்காடு செல்வோருக்குச் சில சொற்கள்: புதுத் துணி கொண்டு போகாதீர்கள், சுங்கத்தில் சிக்கும். குதிரைவண்டிக் கூலியை ஏறுமுன் பேசுங்கள். கூடுமானால் சித்திரையில் செல்லுங்கள். விடுதலை வந்துவிட்டதென்று யாரேனும் சொன்னால், கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். கலியபெருமாளின் நாலாவது வரப்பைக் குனிந்து பாருங்கள். அது சீவப்பட்டிருந்தால் மட்டும் நம்புங்கள்.