சிமெண்ட் கலக்கச் சொன்ன ராக்னி

மாக்னாவின் தொடை எலும்பு பிளந்த சேதி வந்தபோது ராக்னிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. முப்பத்தோரு வருடமாக அங்கே அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் அவள். இடுப்பு முறிந்து வந்த எண்பத்தைந்து வயது மாக்னாவுக்கு, எலும்புச் சிமெண்ட் என்ற பசை இல்லாமல் தொடை எலும்புக்குள் அடித்து இறுக்கும் உலோகத் தண்டைப் பெட்டி பிரித்துக் கொடுத்தது அவள் கைதான். இற்றுப்போன எலும்புக்குச் சிமெண்ட் வைத்து ஒட்டும் தண்டே பத்திரம் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் நாற்காலியிலிருந்து எழுந்தபோதே தண்டைச் சுற்றி எலும்பு பிளந்தது. இரண்டாம் அறுவையை மாக்னாவின் உடம்பு தாங்கவில்லை.

அடுத்த வியாழனன்று டோர்டிஸ் வந்தாள். வயது எண்பத்தெட்டு, அதே முறிவு. எக்ஸ்ரேயில் எலும்பு முட்டை ஓடு போலத் தெரிந்தது.

"சிமெண்ட் இல்லாத பெட்டிய எடு" என்றார் மாக்னாவுக்கும் அறுவை செய்த சர்ஜன் ஸ்டைனார்.

"எடுக்க மாட்டேன்."

"எட்டு வருஷம் முன்னாடி, சிமெண்ட் உள்ள போன நிமிஷமே ரத்த அழுத்தம் விழுந்து ஒருத்தர் என் கையிலயே போனாரே. நீயும் பக்கத்துலதான நின்ன?"

"மறக்கல. அதுக்காக உன் பயத்துக்கு இவங்க எல்லாரும் தொடைய குடுக்கணுமா?"

"இங்க டாக்டர் யாரு, நீயா நானா?"

"நீதான். அதனாலதான் கத்துறேன். நானா இருந்தா இந்நேரம் கலக்கியே முடிச்சிருப்பேன்!"

மயக்க மருத்துவர் சோல்வி குறுக்கே வந்தாள். "எலும்புக் குழிய நல்லா கழுவு, ஸ்டைனார். சிமெண்ட் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடு. ரத்த அழுத்தத்த நான் பாத்துக்கறேன்."

ஸ்டைனார் குப்பைத் தொட்டியை எட்டி உதைத்தார். "சரி, கலக்கு."

சிமெண்ட் உள்ளே போனதும் அழுத்தம் சரிந்தது. சோல்வி மருந்தேற்றினாள், மெல்ல மேலே வந்தது. மறுநாள் டோர்டிஸ் நடைச்சட்டத்தைப் பிடித்து நின்று, நடக்கச் சொன்ன பிசியோதெரபிஸ்டை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

ராக்னிக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம். மருத்துவர் முடிவில் தலையிட்டாளாம்.

"சும்மா சடங்குதான், கையெழுத்துப் போட்டுடு" என்றாள் மேலாளர்.

"மாக்னா பேர் இதுல எங்க இருக்கு?"

மேலாளர் பேனாவை நீட்டினாள். 'படித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை' என்று பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதிவிட்டு ராக்னி வெளியேறினாள்.

இப்போதெல்லாம் வயதானவர்கள் வந்தால் ஸ்டைனார் தானே சிமெண்ட் கேட்கிறார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் கலக்கிக் கொடுக்கிறாள். மன்னிக்கவில்லை, அவரையும், அன்று வாய் மூடி நின்ற தன்னையும்.